ஆறாவது நம்பிக்கை: எல்லாம் எழுதியாச்சு என்றால் நாம் எதற்கு?

கேள்வி, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி, 3 மார்ச் 2024

எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் வீட்டில் 19 வயதுப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். துக்கம் கேட்கப் போனேன். வந்தவர்கள் எல்லாரும் "அல்லாஹ் எழுதினது அவ்வளவுதான்" என்றார்கள். அந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். உங்கள் மார்க்கத்தில் அடிப்படை ஐந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன், அதில் விதி இருந்ததாக ஞாபகம் இல்லை. எல்லாம் எழுதியாச்சு என்றால் டாக்டரிடம் எதற்குப் போகணும்? நல்லது செய்து என்ன, கெட்டது செய்து என்ன? கோபத்தில் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன்.

3 மார்ச் 2024, இரவு

முதலில் கணக்கு. நீ படித்த ஐந்தும் கடமைகள்: கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ். இவை செய்கிறவை. நம்புகிறவை வேறு. அதற்கு ஈமான் என்று பேர், அது ஆறு. அல்லாஹ், மலக்குகள் என்கிற வானவர்கள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், ஆறாவதாகக் கத்ரு. நன்மை தீமை எதுவும் அவன் நிர்ணயத்துக்கு வெளியே இல்லை என்று ஒப்புக்கொள்வதுதான் கத்ரு. நீ கேட்பது அந்த ஆறாவதைப் பற்றி. குர்ஆனில் ஆறும் ஒரே வசனத்தில் வரிசையாக வரும்.

மேலப்பாளையத்தில் என் சின்ன வயதில் மஃரிபு தொழுகை முடிந்ததும், ஓதிக்கொடுக்கிற லெப்பை வீட்டுத் திண்ணைக்குப் போவோம். "ஆமன்து பில்லாஹி", அல்லாஹ்வை நம்பினேன், என்று அவர் எடுத்துக் கொடுக்க, நாங்கள் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். மறுமை நாள் வரும்போது ஒரு கை தீர்ந்துபோகும். கத்ருக்கு அடுத்த கையைத் தூக்கணும். ஸ்லேட்டையோ கிதாபையோ பிடித்திருக்கிற கை அது, அதனால் கத்ரு வரும்போது மட்டும் திண்ணை முழுக்க ஒரு தடுமாற்றம் இருக்கும். அதோடும் முடியாது. "வல் பஃஸி பஃதல் மவ்த்" என்று கடைசியில் ஒன்று வரும், மவுத்துக்குப் பிறகு எழுப்பப்படுவது. நான் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழுல்லா வருது லெப்பை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அது அஞ்சாவதோட சேர்த்தி புள்ள. மறுமைன்னாலே எந்திரிக்கிறதுதானே" என்றார். ஏழாவதை அன்றைக்கே விளக்கிவிட்டார். ஆறாவதை யாரும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

4 மார்ச், காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. சுபுஹு தொழுகைக்குப் பிறகு குர்ஆனைத் திறந்து பார்த்தேன். ஆறும் ஒரே வசனத்தில் இல்லை. 2ஆம் அத்தியாயம் 285இல் அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், தூதர்கள் என்று நான்கு. 4ஆம் அத்தியாயம் 136இல் மறுமையும் சேர்ந்து ஐந்து. கத்ரு வேறு இடங்களில் வருகிறது. 54:49இல் ஒவ்வொன்றையும் ஓர் அளவின்படி படைத்ததாகச் சொல்கிறான். அளவு என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். "தலையெழுத்து" என்று மொழிபெயர்த்துவிட்டால் அந்த வாசனை போய்விடுகிறது.

ஆறும் ஒன்றாக வருவது ஒரு ஹதீஸில், அதாவது நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்பில். நபித் தோழர் உமர் (ரலி) அறிவிக்கிறார்கள், இமாம் முஸ்லிமின் தொகுப்பில் இருக்கிறது. ஒருநாள் நபி (ஸல்) அவர்களோடு தோழர்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தர் வருகிறார். வெள்ளை வெளேர் என்று உடுப்பு, கன்னங்கரேல் என்று முடி. உள்ளூர்க்காரர் என்றால் யாருக்காவது தெரிந்திருக்கணும், தெரியவில்லை. வெளியூர்க்காரர் என்றால் மேலில் பயணத் தூசி இருக்கணும், அதுவும் இல்லை. நபியின் முழங்காலோடு தன் முழங்கால் படும்படி உட்கார்ந்து, இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று கேட்கிறார். பதில் வந்ததும் "சரியாகச் சொன்னீர்" என்கிறார். கேட்கிறவரே சரி என்றும் சொல்கிறாரே என்று எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது என்கிறார் உமர். பிறகு அந்த இறுதி நாள் எப்போது என்று கேட்கிறார். அதற்கு நபி, கேட்கிறவரைவிடக் கேட்கப்பட்டவருக்கு அதிகம் தெரியாது என்றார்கள். வந்தவர் போன பிறகுதான், அது மலக்கு ஜிப்ரீல், உங்களுக்கு மார்க்கம் கற்றுத்தர வந்தார் என்றார்கள்.

எத்தனையோ முறை இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தூசி இல்லாத உடுப்பு ஒவ்வொரு முறையும் கண்ணுக்குள் நிற்கும்.

7 மார்ச்

மலக்குமார் பற்றி இன்னொருத்தர் கேட்டிருக்கிறார், சிறகு முளைத்த மனிதர்களா என்று. ஒளியால் படைக்கப்பட்டவர்கள். உண்ணுவதில்லை, சொன்னதை மீறுவதில்லை. அவர்களை நம்புவதில் எனக்கு மிக நெருக்கமானது நம் இரண்டு தோளிலும் இருக்கிற அந்த இரண்டு எழுத்தர்கள். கிராமன் காத்திபீன், 82ஆம் அத்தியாயத்தில் வருகிறார்கள். நாம் செய்கிறதை எழுதுகிற கண்ணியமானவர்கள்.

எங்கள் உம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தது. முந்தின நாளே இலையை நனைத்துச் சாக்கில் பொதிந்து வைக்கும். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டி, மடியில் தட்டோடு உட்கார்ந்தால், தூளை ஒரு சிட்டிகை பரப்பி உருட்டி நூல் சுற்றுகிற வரைக்கும் கண் தட்டில் இருக்காது, வாய் ஸலவாத் ஓதிக்கொண்டிருக்கும். 25 பீடி ஒரு கட்டு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று கையளவு அள்ளி ஒதுக்கிப் போடுவார்கள். ஒதுக்கினதற்குக் கூலி கிடையாது. ஒதுக்கினது திரும்பியும் வராது.

ஒருநாள் நான், "அவன் ஏமாத்துறான்ல உம்மா, நாமளும் தூளைக் கொறச்சு வச்சிருவோம்" என்றேன். எனக்கு எட்டு வயது இருக்கும். உம்மா கையை நிறுத்தவில்லை. "அவன் கணக்க அவன் தோள்ல இருக்கவங்க எழுதுவாங்க. எந் தோள்ல இருக்கவங்களுக்கு நான் எதுக்கு வேலை வைக்கணும்" என்றது. அன்றைக்கு இரவு தொழுது முடித்து வலது பக்கமும் இடது பக்கமும் ஸலாம் கொடுக்கும்போது, இரண்டு தோளையும் உற்றுப் பார்த்தேன்.

7 மார்ச், பின்னிரவு

ஒன்று சேர்க்க விட்டுப்போச்சு. உயிரை வாங்குகிறவர் பெயர் இஸ்ராயீல் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்கிறோம். குர்ஆனில் அந்தப் பெயர் இல்லை, "மலக்குல் மவ்த்", மரணத்தின் மலக்கு, என்றுதான் இருக்கிறது (32:11). ஜிப்ரீல், மீக்காயீல் பெயர்கள் குர்ஆனிலேயே உண்டு.

10 மார்ச்

"தமிழர்களுக்கு நபி வரவில்லையா, எல்லாரும் அரபு நாட்டிலேயே வந்தார்களா?" நல்ல கேள்வி. எங்கள் வீட்டிலேயே என் தம்பி சண்டை போட்டுக் கேட்ட கேள்வி.

குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவர்கள் 25 பேர் என்று ஆலிம்கள் எண்ணுவார்கள். ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா என்று போய் முஹம்மது (ஸல்) அவர்களில் முடியும். ஆனால் அதே குர்ஆன், சில தூதர்களைப் பற்றிச் சொன்னோம், சிலரைப் பற்றிச் சொல்லவில்லை என்கிறது (40:78). எச்சரிக்கிறவர் வராத சமுதாயமே இல்லை என்கிறது (35:24). எந்தத் தூதரையும் அவருடைய மக்களின் பாஷையில்தான் அனுப்பினோம் என்கிறது (14:4). இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால், தாமிரபரணிக் கரையில் என்றைக்கோ ஒருத்தர் தமிழில் எடுத்துச் சொல்லியிருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது. இன்னார்தான் என்று பெயர் வைக்கத்தான் இடமில்லை. தம்பி ஒரு பட்டியலே வைத்திருந்தான். வாப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, "நல்ல மனுசங்கதான். நபின்னு சொல்ல நமக்கு யாரு அதிகாரம் தந்தா?" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

வேதங்களும் இப்படியே. தவ்ராத் மூஸாவுக்கு, ஸபூர் தாவூதுக்கு, இன்ஜீல் ஈஸாவுக்கு, குர்ஆன் நம் நபிக்கு. முந்தினவை அருளப்பட்டதை நம்பாவிட்டால் ஈமான் நிறையாது. ஈஸாவின் தாயார் மர்யமின் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, 19ஆவது. பாளையங்கோட்டையில் சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளியில் படித்தபோது என் கிறிஸ்தவத் தோழி இதை நம்பவே இல்லை. மறுநாள் குர்ஆனின் தமிழ்த் தர்ஜமாவை, மொழிபெயர்ப்பை, கொண்டுபோய்க் காட்டினேன். மதியம் சாப்பாட்டு மணியில் இரண்டு பேரும் உட்கார்ந்து, பேரீச்ச மரத்தடியில் மர்யம் பிரசவ வலியில் தவிக்கிற இடத்தைப் படித்தோம். அவள் அழுதுவிட்டாள்.

12 மார்ச், முதல் நோன்பு

தங்கச்சி, உன் கேள்விக்கு இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி வருகிறேன். பயமாக இருக்கிறது அதைத் தொட. கஞ்சிக்கு அரிசி போட நேரமாச்சு.

15 மார்ச்

அதற்கு முன்னால் பொட்டல்புதூர். "ஒரே இறைவன் என்கிறீர்கள், பொட்டல்புதூர் பள்ளிவாசலில் எல்லா மதத்துக்காரரும் வந்து நேர்ச்சை செய்கிறார்களே, அது என்ன?" என்று ஒருவர்.

ஆறில் முதலாவது அல்லாஹ். அவன் ஒருவன், தேவை எதுவும் அற்றவன், பெற்றவனும் இல்லை பெறப்பட்டவனும் இல்லை, அவனுக்கு நிகர் யாருமில்லை. நாலே வசனம், 112ஆம் அத்தியாயம். மற்ற ஐந்தும் இதற்குள் அடக்கம். பொட்டல்புதூரில் நினைக்கப்படுகிற இறைநேசர் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி 1166இல் இறந்து பக்தாதில் அடங்கியிருக்கிறார்கள். இங்கே இருப்பது அவர்களின் நினைவு. கல்தூணும் மண்டபமுமாக நம்மூர்க் கோயில் சாயலில் இருக்கும். அங்கே போய்க் கேட்பது இணைவைப்பு, அல்லாஹ்வுக்கு நிகராக இன்னொருவரை வைப்பது, என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், பெரியோரை முன்வைத்து அல்லாஹ்விடம்தான் கேட்கிறோம் என்று இன்னொரு சாரார். இந்தச் சண்டையில் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் அங்கே எதுவும் கேட்பதில்லை. கேட்கிற இடம் ஒன்றுதான் என்று என் மனசு உறுதியாகச் சொல்கிறது. ஆனால் என் பாட்டி உம்மும்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்த மண்டபத்தில் நின்றிருக்கிறேன். உம்மும்மா கையேந்தும்போது வாயில் வந்த முதல் சொல் "யா அல்லாஹ்"தான். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அதனால் யாருடைய ஈமானையும் நான் நிறுத்துப் பார்க்க மாட்டேன்.

19 மார்ச்

சரி, கத்ரு.

2023 டிசம்பர் 17, 18. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆற்றில் வந்த தண்ணீர் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை முக்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள், பக்கத்து ஊர் ஜனம் சோறாக்கிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் தாழ்வான வீடுகளில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். 17ஆம் தேதி சாயங்காலமே தம்பி வந்து, மாடி இருக்கிற வீட்டுக்குப் போயிடுவோம் என்றான். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்காலியைவிட்டு எழும்பவில்லை. "எழுதியிருந்தா மாடியிலயும் வரும்" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் உமர் (ரலி) ஞாபகம் வந்தது. ஹிஜ்ரி 18 வாக்கில் சிரியாப் பக்கம் கொள்ளை நோய். உமர் தோழர்களோடு அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஸர்ஃக் என்ற இடத்தில் செய்தி வருகிறது, திரும்பிப் போகலாம் என்று முடிவு செய்கிறார்கள். படைத் தளபதி அபூ உபைதா கேட்கிறார்: அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா? உமர் சொல்கிறார்கள்: ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம். அதோடு விடவில்லை, ஓர் உதாரணமும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் நீ ஒட்டகத்தை இறக்குகிறாய், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் காய்ந்து கிடக்கிறது. பச்சையில் மேய்த்தாலும் விதிதான், காய்ந்ததில் மேய்த்தாலும் விதிதான் இல்லையா?

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு பிடித்துக்கொண்டு வருகிற எந்தக் கோனாரிடமும் இதைச் சொன்னால் உடனே புரியும். பச்சை இருக்கிற பக்கம் ஓட்டிப்போக எந்த ஆட்டுக்காரரும் யோசிக்க மாட்டார்.

பெரியவரிடம் நான் இதைச் சொன்னேன். "மாடிக்குப் போறதும் எழுதினதாத்தான் இருக்கும் பெரியாப்பா, எந்திரிங்க" என்றேன். தம்பி நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனான். அவர் இப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார், நோன்பு பிடித்துக்கொண்டு.

20 மார்ச், ஸஹர் நேரம்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான் என்னமோ எல்லாம் புரிந்தவள் மாதிரி இருக்கிறது. அது உண்மை இல்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. எங்கள் தெருவில் என் வயதுக்காரி ஒருத்தி, சின்ன வயதிலிருந்து கூட விளையாடியவள், புருசனை இழந்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா காலம், அந்த வீட்டுக்கு நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "அல்லாஹ்வோட நாட்டம், பொறுத்துக்கோ." அவள் கையை உருவிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. "நீ போ" என்றாள். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் சொன்னது பொய்யா? இல்லை. இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல்லை நான் சொன்னது அவளுக்காக இல்லை. அந்த அழுகைக்கு முன்னால் உட்கார எனக்குத் திராணியில்லை. மூடி வைக்க ஒரு மூடி தேவைப்பட்டது. ஈமானின் ஆறாவது பகுதியை எடுத்து அவள் வாயில் அடைத்தேன்.

நபியின் மகன் இப்ராஹீம் பால்குடி மறக்காத பிள்ளையாக இறந்தபோது, மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், நீங்களுமா என்று கேட்டதற்கு, இது இரக்கம் என்றார்கள். கண் நீர் வடிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, நம் ரப்புக்கு, இறைவனுக்கு, பிடிக்காததைச் சொல்ல மாட்டோம், இப்ராஹீமே உன் பிரிவால் நாங்கள் துக்கப்படுகிறோம் என்றார்கள். கத்ருவை நமக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவர் அழுதிருக்கிறார். மாரில் அடித்துக்கொள்வதும் துணியைக் கிழித்துக்கொள்வதும்தான் விலக்கப்பட்டது. கண்ணீரை யாரும் விலக்கவில்லை. தங்கச்சி, அந்தத் தாயிடம் அழக் கூடாது என்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதே தப்பைத்தான் நான் செய்தேன்.

20 மார்ச், மதியம்

அதே இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. பிள்ளைக்காகச் சூரியனே மறைந்தது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சூரியனும் சந்திரனும் யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று நபி திருத்தினார்கள். தன் சொந்தத் துக்கத்துக்குக்கூட வானத்தைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. டிசம்பர் வெள்ளம் இன்னாருடைய பாவத்துக்குத் தண்டனை என்று அப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கணும். இன்னார் பாவம் என்று சொல்ல இவர்களுக்கு வஹீயா, இறைச்செய்தியா வந்தது?

26 மார்ச்

"அப்படியானால் திருடனும் விதி என்று சொல்லிவிட்டுப் போகலாமே?"

சொல்ல முடியாது. ஆதமும் மூஸாவும் வாதாடியதாக ஒரு ஹதீஸ் உண்டு. எங்களைச் சுவர்க்கத்திலிருந்து வெளியேற்றியது நீங்கள்தானே என்று மூஸா கேட்க, நான் படைக்கப்படும் முன்பே எழுதப்பட்டதற்கு என்னைக் குறை சொல்கிறாயா என்று ஆதம் கேட்டார், வாதத்தில் வென்றார். இதைப் படித்துவிட்டு எனக்கும் ஒரு காலத்தில் குழப்பம்தான். ஆலிம்கள் விளக்குவது இது: மூஸா கேட்டது வந்து சேர்ந்த முஸீபத்தை, துன்பத்தை, பற்றி. முஸீபத்துக்கு விதியைச் சொல்லலாம். குற்றத்துக்கு அதே ஆதம் விதியைச் சொல்லவில்லை. எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம் என்றுதான் அழுதார் (7:23).

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமான பிறகு, மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலியை, அதாவது வரதட்சணையை, இரண்டு மடங்காக்கினார்கள். கொடுக்க வழியில்லாமல் நின்றுபோனது. நின்றதும் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுசி சொன்ன வார்த்தை: "நஸீபு இல்ல, அவ்வளவுதான்." பெண்ணைப் பெற்றவர் அப்படிச் சொன்னால் அது ஸப்ரு, பொறுமை. பணம் கேட்டவர் சொன்னால் அல்லாஹ்வின் மேல் பழி போடுவது. வார்த்தை ஒன்றுதான். சொல்கிற வாயைப் பார்க்கணும்.

27 மார்ச்

நேற்றைய கேள்விக்கு இன்னும் நேரான பதில் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. மதீனாவின் பகீஃ மையவாடியில் ஒரு ஜனாஸா அடக்கம். நபி உட்கார்ந்து கையிலிருந்த குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் ஒவ்வொருவருக்கும் இடம் எழுதப்பட்டாச்சு என்கிறார்கள். தோழர்கள் கேட்டது அச்சு அசல் தங்கச்சி கேட்ட கேள்வி: அப்படியானால் எழுதினதை நம்பி நாங்கள் சும்மா இருந்துவிடலாமா? நபி சொன்ன பதில்: செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும்.

ஆக இந்தக் கேள்வி ஆயிரத்து நானூறு வருசமாகக் கேட்கப்படுகிறது. கேட்டவர்களை நபி கடியவில்லை. எழுதியிருப்பது என்ன என்று யாருக்கும் காட்டவும் இல்லை. எனக்கு இதுதான் பிடி. காட்டாத எழுத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு முடிவும் எடுக்க முடியாது. என் கையில் இருப்பது வேலை மட்டும்.

2 ஏப்ரல்

மறுமையைப் பற்றி எழுதாமல் போகக் கூடாது. கபுரின் தலைமாட்டில் நடுகிற கல்லுக்கு நம் பக்கத்தில் மீசான் கல் என்று பேர். மீசான் என்றால் அரபியில் தராசு. மறுமையில் நம் அமல்களை, செயல்களை, நிறுக்கிற தராசு. கடுகு விதை அளவு இருந்தாலும் கொண்டுவருவோம் என்கிறது குர்ஆன் (21:47). தமிழில் அந்தச் சொல் எப்படிக் கல்லுக்குப் போனதோ, எனக்குப் பிடித்திருக்கிறது. செத்த அன்றைக்கே தராசைத் தலைமாட்டில் நட்டுவிடுகிறோம். வாப்பாவின் மீசான் கல்லில் பெயரில்லை, எழுத்தில்லை, வெறும் கல். பக்கத்தில் மருதாணிச் செடி வளர்ந்திருக்கிறது. அதை வைத்துத்தான் தம்பி அடையாளம் காண்கிறான்.

அநியாயமாக ஒதுக்கிப் போட்ட பீடியும் அந்தத் தராசில் ஏறும் என்று உம்மா உறுதியாக நம்புகிறது. நானும்.

6 ஏப்ரல், 27ஆம் இரவு

லைலத்துல் கத்ரு. இந்தக் கத்ரும் அந்தக் கத்ரும் ஒரே வேர்தான். ஆயிரம் மாதங்களைவிட மேலான இரவு என்கிறான். எல்லாம் எழுதியாச்சு என்று நம்புகிற அதே ஜனம், இன்றைக்கு விடிய விடிய விழித்திருந்து கேட்கிறது. கேட்காதே, எழுதியாச்சு என்று எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருவே முழித்திருக்கிறது.

14 ஏப்ரல்

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். நேற்றுத் தங்கச்சியும் நானும் சேர்ந்து அந்தத் தாயைப் பார்க்கப் போனோம். தங்கச்சிதான் கூப்பிட்டாள்.

நான் ஒன்றும் பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு நாள் முந்தி கூட்டிட்டுப் போயிருந்தா. சனிக்கிழமையே சொன்னான் தலை வலிக்கின்னு. நான் கசாயம் வச்சுக் குடுத்தேன்." இதையே நாலு தடவை சொன்னார். நாலாவது தடவை அழ ஆரம்பித்தார். தங்கச்சி அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அடுக்களைக்குள் போய்த் தேயிலை போட்டேன். சீனி எந்த டப்பாவில் என்று அழுதுகொண்டே உள்ளிருந்து சொன்னார்.

முஸ்லிம் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. உனக்குப் பயன் தருவதற்காக முயற்சி எடு, அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமல் உட்கார்ந்துவிடாதே. பிறகு ஏதாவது நேர்ந்துவிட்டால், இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று சொல்லாதே. அல்லாஹ் நிர்ணயித்தான், நாடியதைச் செய்தான் என்று சொல். "செய்திருந்தால்" என்ற சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கிறது. முயற்சி முதலில் வருகிறது, விதி பின்னால் வருகிறது. ஒரே ஹதீஸில், அந்த வரிசையில். தங்கச்சி கேட்டதற்கு நான் முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கசாயமும் முயற்சிதான். பிள்ளைக்குத் தலை வலிக்கிறது என்று எந்தத் தாயும் செய்கிற முயற்சி. அந்த வாசலை அடைக்கத்தான் கத்ரு. ராத்திரி மூன்று மணிக்கு "ஒரு நாள் முந்தி" என்று எழும்பி உட்கார்கிற தாய் திரும்பப் படுக்கிறதற்கு.

அவரிடம் நேற்று நான் இதைச் சொல்லவில்லை. அவரே என்றைக்காவது அந்த வார்த்தைக்கு வரலாம், வரும்போது பக்கத்தில் யாராவது இருக்கணும்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "செவ்வாக்கெழமை சந்தைக்கு வருவியள்லா, அப்படியே இங்கயும் வந்துட்டுப் போங்க" என்றார். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.